டாக்டர் சுப்பாராவும் உயிரின் செலாவணியும்

விழுப்புரத்திற்கு அண்மையில், பம்பையாற்றங்கரையில், திருவாமாத்தூர் என்றொரு பழம்பதி உளது. தன் பெயரிலேயே ஆவினைத் தாங்கி நிற்கும் ஊர் அது. கொம்பில்லாதிருந்த ஆனினங்கள் அங்கே தவங்கிடந்து கொம்பு பெற்றன என்று தலபுராணம் கூறும். எருது ஏரிழுக்கும் காட்சி இக்காலத்தில் எங்கும் அரிதாகிவிட்டதாயினும், பசு மேயும் காட்சிக்கு நம் நாட்டுப்புறத்தில் இன்னும் குறைவில்லை. அதில் வியப்பதற்கு யாதுளது என்று சிலர் வினவலாம். புல் நின்ற இடத்திலேயே நிற்பது. அதனைத் தின்ற பசுவோ நடக்கின்றது, கன்றை நக்குகின்றது, பால் சுரக்கின்றது. அப்பாலை உண்ட சிறுவன் ஆற்றுமணலில் ஓடி விளையாடுகின்றான். புல்லில் உறங்கிக் கிடந்த ஆற்றல் சிறுவனது காலில் எவ்வாறு விழித்தெழுந்தது? யாவரும் நாடோறும் காணும் இந்நிகழ்ச்சிக்கு விடை காண்பதற்கு மக்களினம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பசியைத் தீயென்று கூறுதல் நம் முன்னோர் வழக்கு. அவ்வழக்கு வெறும் கற்பனையன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு லவாய்சியர் என்னும் பேரறிஞர், மூச்சு விடுதலும் ஒருவகை எரிதலே என்றும், விறகு பிராணவாயுவுடன் கூடி எரிவது போலவே உணவும் உடலினுள் மெல்ல எரிகின்றது என்றும் நிலைநாட்டினார். ஆயினும் இவ்விடை பாதி விடையே. நீராவி இயந்திரம் தீயின் வெப்பத்தால் ஓடுவது. அதற்கு ஒருபுறம் மிக்க வெம்மையும் மறுபுறம் தண்மையும் வேண்டும். நம் உடலோ எங்கணும் ஏறக்குறைய 37 பாகை வெப்பமே உடையது. வெறும் வெப்பத்தைக்கொண்டு தசை வேலை செய்தல் இயலாது. எனவே, எரியும் உணவின் ஆற்றலை வாங்கி, வெப்பமாகச் சிதறிப் போகாமல் காத்து, தசைக்கும் நரம்பிற்கும் சுரப்பிக்கும் வேண்டும்போது வழங்கும் இடையாள் ஒருவன் உடலினுள் இருத்தல் வேண்டும். அவ்விடையாளைக் கண்டுபிடித்தோருள் ஒருவர் நம் சென்னையிலே படித்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறியவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர் 1895 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரம் என்னும் ஊரில் தெலுங்கு அந்தணர் குடியில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. குடும்பம் வறியது. சிறுவர் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடாது தேடிப் பிடித்து மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். இளமையிலேயே தந்தையை இழந்த இவரை அவ்வம்மையாரே வற்புறுத்திப் படிக்க வைத்தார். இருமுறை தவறிய தேர்வில் மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் பயின்றபோது கணிதத்தில் நாட்டம் மிகுந்தது. அதனினும் மிகுதியாகத் துறவில் நாட்டம் சென்றது. இராமகிருஷ்ண மடத்தை அடைந்து சந்நியாசம் வேண்டினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்றுப் பிறர்க்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்தார் கூறிய அறிவுரையே இவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிற்று. படிப்புச் செலவிற்கு நண்பரும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பாரும் உதவினர். மூர்த்தியின் மகள் சேஷகிரியை இவர் 1919 ஆம் ஆண்டு மே மாதத்தில் மணந்தார்.

மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். காந்தியடிகள் அன்னியத் துணியை விலக்குமாறு நாட்டினரை அழைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவை மருத்துவக் கூடத்திலும் கதராடையே அணிந்து நின்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராயிருந்த பிராட்ஃபீல்டு துரைக்கு அஃது உவப்பாயில்லை. எழுத்துத் தேர்வுகளை இவர் நன்றாகவே எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அக்காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையிருந்த வேறுபாடு பெயரளவினதன்று. மாகாண மருத்துவச் சேவையில் சேர இவர் முயன்றார், கதவு திறக்கவில்லை. ஒரு சட்டைத் துணிக்காக ஒரு மாணவனது எதிர்காலத்தை அளந்த ஆசிரியரின் செயலை எவ்வாற்றானும் நேரிதென்று சொல்லற்கில்லை. ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்கதவு திறந்திருப்பின், சுப்பாராவ் ஏதேனும் ஒரு ஜில்லா மருத்துவமனையில் நல்லதோர் அரசாங்க மருத்துவராய் இருந்து ஓய்வு பெற்றிருக்கவும் கூடும். இதனால் பேராசிரியர்க்கு நன்றி கூற வேண்டும் என்பது என் கருத்தன்று.

வேலை தேடிய சுப்பாராவ், டாக்டர் லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். ஆயுர்வேத மருந்துகளை இக்கால இரசாயன முறையால் ஆராய வேண்டும் என்னும் வேட்கை அங்கே முளைத்தது. அந்நாளிலே இவரது குடும்பத்தைப் பெருந்துயர் தாக்கிற்று. ஸ்ப்ரூ எனப்படும் நோயினால் சகோதரர் இருவர் அடுத்தடுத்து மாய்ந்தனர். உண்ட உணவு உடலிற் சேராமல் வயிற்றுப்போக்காய்க் கழிய, குருதி வெளுத்து, உடல் நாடோறும் உருகிப் போவது அந்நோயின் இயல்பு. தட்டு நிறையச் சோறிருந்தும் பட்டினியாற் சாவதை ஒத்தது அது. உண்பதொன்று, உண்டது ஆற்றலாவது மற்றொன்று என்பதை இதனினும் கொடிய முறையில் ஒருவர்க்கு இயற்கை கற்பிக்கவியலாது. அந்நோய்க்கு மருந்தொன்று காண வேண்டும் என்னும் எண்ணம் அன்று முதல் இவரை விட்டு நீங்கவில்லை.

காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் தருமத்தாரும் மாமனாரும் செய்த பொருளுதவியுடன், மனைவியைத் தாய்நாட்டில் விட்டு, சுப்பாராவ் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 26 ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தாரேனும், இவரது சென்னைச் சான்றிதழ் அங்கே மருத்துவராகத் தொழில் புரியப் போதுமானதன்று. கையில் பொருளும் இல்லை. இரவில் மருத்துவமனையொன்றில் ஏவலாளாய் நின்று நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார். பகலில் பாடம் கேட்டார். மருத்துவம் முற்றக் கற்ற ஒருவர், ஆசிரியராயும் இருந்த ஒருவர், இவ்வேலையை முகஞ்சுளியாது செய்தார் என்பதை, உணவு விடுதியில் தம் தட்டைத் தாமே கழுவ நாணும் நம் மாணவருட் சிலர் படித்தறிதல் நன்று.

வெப்பமண்டல மருத்துவப் படிப்பை முடித்தபின், உயிர்வேதியியல் துறைத் தலைவராயிருந்த ஆட்டோ ஃபோலின் என்பாரது ஆய்வுக்கூடத்தில் இவருக்கு இடம் கிடைத்தது. அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் சேர்ந்து உழைத்தார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரம் எவ்வளவு உளது என்று விரைவாகவும் திருத்தமாகவும் அளக்க ஒரு முறை வேண்டும் என்பதே அவர்கள் மேற்கொண்ட பணி. 1925 ஆம் ஆண்டில் அம்முறை வெளியாயிற்று. பாஸ்பேட் உப்புடன் மாலிப்டேட் என்னும் பொருளைச் சேர்த்து, மற்றொரு கரைசலால் அதனைக் குறைத்தால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழமோ பாஸ்பரமும் அவ்வளவு மிகுதி. நிறத்தின் ஆழத்தை நிறமானியிற் கண்டு கணக்கிடலாம். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று வழங்கும் இது, நூறாண்டு கழிந்தும் வழக்கொழியவில்லை. நம் நாட்டுக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் செய்முறைக் குறிப்பேட்டில் இவ்விரட்டைப் பெயரை எழுதாமல் ஆண்டைக் கடத்துவதில்லை. பலர் அதிலுள்ள சுப்பாராவ் எவ்வூரினர் என்று அறியாமலே எழுதி முடிக்கின்றனர்.

கருவி திருத்தமாக அமைந்துவிட்டால், அது தேடாத பொருளையும் காட்டிக் கொடுக்கும். தசையிலிருந்து எடுத்த சாற்றினை இம்முறையால் அளந்தபோது விந்தையொன்று நேர்ந்தது. நீலநிறம் உடனே முழுமையும் தோன்றாமல், காலம் செல்லச் செல்ல மெல்ல மெல்ல ஆழ்ந்தது. வேறொருவராயின், கரைசல் பழுதென்று கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கியிருப்பர். இவ்விருவரோ அத்தாமதத்தையே பற்றிக்கொண்டனர். நிறம் மெல்ல ஏறுமாயின், பாஸ்பேட் முன்னரே தனித்து நிற்கவில்லை. ஏதோ ஒன்றுடன் இலேசாகப் பிணைந்திருந்து, புளிப்புக் கரைசலில் சிறிது சிறிதாக அவிழ்ந்து வெளிப்படுகின்றது என்றன்றோ பொருள்? ஆராய்ந்து, கிரியேட்டின் என்னும் பொருளுடன் பிணைந்த பாஸ்பேட் அது என்று 1927 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாஸ்போகிரியேட்டின் என்பது அதன் பெயர். பூனையின் தசையை மின்னோட்டத்தால் தூண்டி வேலை வாங்கினால் அப்பொருள் குறைகின்றது. தசை இளைப்பாறினால் மீண்டும் நிறைகின்றது. இங்கிலாந்தில் எக்கில்டன் தம்பதியரும் அதே காலத்தில் தசையில் நிலையில்லாத பாஸ்பேட் ஒன்றிருத்தலைத் தனித்துக் கண்டனர் என்பதையும் சொல்லுதல் முறை.

இச்செய்தி அறிவுலகில் ஏன் கலக்கம் விளைத்தது என்பதை உணர அக்காலக் கொள்கையை நினைவிற் கொள்ளல் வேண்டும். தசையில் சர்க்கரைப் பொருள் பிளந்து லாக்டிக் அமிலமாகின்றது என்றும், அவ்வமிலமே தசையைச் சுருங்கச் செய்கின்றது என்றும் அறிஞர் பெரிதும் நம்பியிருந்தனர். தசையின் வெப்பத்தையும் அவ்வமிலத்தையும் ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் என்னும் இருவர்க்கும் 1922 ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் வழங்கப்பெற்றிருந்தது. 1930 இல் டென்மார்க்கு நாட்டு லுண்ட்ஸ்கார்டு என்பவர், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சில நேரம் சுருங்குகின்றது என்றும், அப்போது செலவாவது பாஸ்போகிரியேட்டினே என்றும் மெய்ப்பித்தார். பழைய கொள்கை சாய்ந்தது.

ஆயினும் பாஸ்போகிரியேட்டினும் இடையாளின் கையாளே, இடையாள் அன்று. அதற்குள்ளாக, 1929 ஆம் ஆண்டிலேயே, ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசைச்சாற்றில் மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தனர். அடினின் என்னும் காரமும், ரைபோஸ் என்னும் சர்க்கரையும், அவற்றின் வாலாக மூன்று பாஸ்பேட்டும் கோத்த பொருள் அது. அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் முழுப்பெயர்; ஏ.டி.பி. என்பது உலக வழக்கு. ஜெர்மனியில் மேயர்ஹாஃபின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கார்ல் லோமான் என்பவரும் அதே ஆண்டில் அதனைத் தனித்துக் கண்டறிந்தார். எவர் முந்தியவர் என்னும் வழக்கில் நாம் புகவேண்டுவதில்லை. இருபுறத்தாரும் தம் கண்ணாற் கண்டதையே எழுதினர். பாஸ்போகிரியேட்டின் நேரே தசைக்கு உதவுவதில்லை என்றும், செலவான ஏ.டி.பி.யை நிரப்புதலே அதன் தொழில் என்றும் லோமான் 1934 இல் காட்டினார். தசையின் மயோசின் என்னும் புரதமே ஏ.டி.பி.யைப் பிளக்கின்றது என்று மாஸ்கோவில் எங்கெல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் 1939 இல் கண்டனர். 1941 இல் ஃபிரிட்ஸ் லிப்மன் என்பவர், உயிர்களின் ஆற்றல் வாணிகம் முழுவதும் இப்பாஸ்பேட் பிணைப்பின் வாயிலாகவே நடைபெறுகின்றது என்று தொகுத்துரைத்தார்.

வாணிகம் என்னும் சொல்லை அறிந்தே ஆண்டேன். உழவனிடம் நெல் உளது. அவனுக்கு வேண்டுவது துணி. நெய்வோனுக்கு வேண்டுவதோ எண்ணெய். நெல்லைக் கொண்டே எல்லாவற்றையும் மாற்றிக் கொள்ளப் புகின் சந்தை நடவாது. காசு ஒன்று இடையே வேண்டும். உடலினுள்ளும் அவ்வாறே. நாம் உண்ணும் சோறும் பருப்பும் நெய்யும் வெவ்வேறு சரக்குகள். செய்யவேண்டிய வேலைகளும் பற்பல. சரக்குகள் யாவும் முதலில் ஏ.டி.பி. என்னும் காசாக மாற்றப்படுகின்றன; வேலைகள் யாவும் அக்காசினாலேயே நடைபெறுகின்றன. மூன்றாம் பாஸ்பேட்டைக் கழற்றினால் காசு செலவாயிற்று. மீண்டும் மாட்டினால் வரவு. குளுகோஸ் சர்க்கரையின் ஓரணுத்திரள் பிராணவாயுவுடன் முற்றும் எரிந்தால் ஏறக்குறைய 30 காசு தேறும் என்பது இக்காலக் கணக்கு. பழைய பாடநூல்களில் 36 என்றும் 38 என்றும் காண்பீர்கள். பிராணவாயுவின்றிப் புளித்தால் இரண்டே காசு. கள்ளிலுள்ள ஈஸ்டு அவ்விரண்டையும் பெற்று அமைதியாய் வாழ்கின்றது.

நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. கையளவே. ஆனால் ஒரு நாளில் பிளந்தும் கூடியும் புரளும் அளவைக் கூட்டினால், வேலையின்றி இருப்பவர்க்கும் தம் உடல் எடைக்கு ஏறக்குறைய நிகராகும். உள்ளங்கையளவு முதலை வைத்துக்கொண்டு நாள் முழுதும் புரட்டி நடத்தும் சிறுகடைக்காரரை இதற்கு ஒப்பிடலாம். கல்லூரி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடும் மாணவன் ஓட்டத்தை முடிக்கும் வரை பெரும்பாலும் செலவிடுவது தசையில் முன்னரே சேர்த்து வைத்த ஏ.டி.பி.யும் பாஸ்போகிரியேட்டினுமே. அச்சேமிப்பு ஏறக்குறையப் பத்து விநாடிக்குத்தான் காணும். ஒரு மைல் ஓடுபவனுக்கோ மூச்சின் துணை இன்றியமையாதது.

காசு என்னும் உவமை ஓரிடத்தில் முட்டுப்படுகின்றது. ஏ.டி.பி. வீணே பிளந்தால் வெப்பம் பிறந்து ஒழியும். ஒரு பயனும் விளையாது. மறுபுறம், அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குதல் போன்ற செயல்கள் தாமாக நடவா. இவ்விரண்டும் கூடினாலன்றி உயிரில்லை. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவரை நம்மவர் அறிவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்கவியலாதவர். நடக்க வல்லவர்க்கு வழி தெரியாது. வழி கண்டவர்க்குக் கால் இல்லை. ஒருவர் தோளில் மற்றவர் ஏறியமர்ந்த பின்னரே அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஏ.டி.பி.யின் பிளவு வலியுடையது, திசையில்லாதது; உடலைக் கட்டும் செயல் திசையுடையது, வலியில்லாதது. இரண்டையும் ஒரு தோளில் ஏற்றிவைப்பனவே என்சைம் எனப்படும் நொதிகள்.

இக்காசு மனிதர்க்கு மட்டும் உரியதன்று. பச்சிலை கதிரவன் ஒளியை வாங்கி முதலில் ஏ.டி.பி.யை ஆக்கிக்கொள்கின்றது என்று 1954 இல் ஆர்னன் என்பவர் கண்டார். கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் செலவு அதிலிருந்தே நடைபெறுகின்றது. மழைக்கால இரவில் ஆற்றங்கரை மரங்களில் மினுக்கும் மின்மினி, தன் விளக்கிற்கு எண்ணெயாக ஏ.டி.பி.யையே வார்க்கின்றது, 1947 இல் மெக்கெல்ராய் இதனைக் காட்டினார். ஒளியே புகாத ஆழ்கடலில் கந்தக வாயுவை உண்டு வாழும் நுண்ணுயிர்க்கும் இதுவே செலாவணி. புல்லும் பசுவும் சிறுவனும், மொழி வேறாயினும் ஒரே காசைப் புழங்கும் நாட்டினர் போல்வர். நிற்க.

இத்துணைப் பெரிய கண்டுபிடிப்பிற்குப் பின் சுப்பாராவின் நிலை யாதாயிற்று? 1930 ஆம் ஆண்டில் ஹார்வர்டு இவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. ஆனால் நிலையான ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. இவர் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்க்கின் இசைவின்மையால் அச்சேறாமற் கிடந்தன என்றும், அவற்றைப் பின்வந்தோர் மீண்டும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரே கூறியுள்ளார். அவர் அக்காலத்தில் அதே துறையில் பயின்றவராதலின் அவர் சொல்லைப் புறக்கணிக்க இயலாது. சுப்பாராவோ இது குறித்து ஊரறியப் போராடியவரல்லர். 1940 ஆம் ஆண்டில் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே அவர் முதலில் நாடியது பழைய பகையையே. உணவு உடலிற் சேராது குருதி வெளுக்கும் நோய்களுக்கு ஈரலிலும் ஈஸ்டிலும் ஏதோ ஒரு மருந்துப் பொருள் உளது என்பது தெரிந்திருந்தது. இவ்வழியில் முதற்படி இட்டவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். அவர் பம்பாயிலும் நம் குன்னூரிலும் ஆராய்ந்து, ஆலைத் தொழில் செய்யும் கருவுற்ற பெண்களின் சோகையை ஈஸ்டுச் சாறு மாற்றுகின்றது என்று 1931 இல் எழுதினார். 1941 இல் டெக்சாஸ் அறிஞர் நான்கு டன் பசலைக் கீரையை வடித்துச் சிறிது பொருள் எடுத்து, இலையிற் பிறந்ததாதலின் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரைக்கு ஒரு சிட்டிகை என்றால் எத்தனை நோயாளிகளைக் காக்கவியலும்? அதனை ஆய்வுக்கூடத்திலேயே கூட்டி ஆக்குவதுதான் வழி. சுப்பாராவின் தலைமையில் லெடர்லி வேதியியலார் 1945 ஆம் ஆண்டில் அதனைச் செய்து முடித்தனர். அம்மருந்தை மருத்துவர் டாம் ஸ்பைஸ் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அளித்துப் பார்த்தபோது நோய் தணிந்தது. சென்னையில் சகோதரர் இருவரைப் பறிகொடுத்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஃபோலிக் அமிலம் உயிரணு பெருகுவதற்கு வேண்டுவது. வெள்ளணுப் புற்றுநோயிலோ உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. எனின், ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு மாறான செய்கையும் உடைய பொருளை ஊட்டினால் அப்பெருக்கம் தடைபடாதா? பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்பவர் இவ்வாறு எண்ணினார். சுப்பாராவின் கூட்டத்தார் அமினோப்டெரின் என்னும் எதிர்மருந்தை ஆக்கி அளித்தனர். அதுவரை மருந்தே இல்லாதிருந்த நோயினின்றும் சில குழந்தைகள் சில திங்களளவேனும் எழுந்து விளையாடின. ஃபார்பரின் கட்டுரை 1948 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது. அம்மருந்தின் தம்பியாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் உலகெங்கும் வழங்கப்படுகின்றது.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளிற் போர்புரிந்த அமெரிக்க வீரரை யானைக்கால் நோய்ப்புழு பற்றியது. அதற்கென லெடர்லியில் ஆராய்ந்து, 1947 இல் ஹெட்ரசான் என்னும் மருந்தை வெளியிட்டனர். டைஎத்தில்கார்பமசின் என்பது அதன் இரசாயனப் பெயர். கொசு மிகுந்த நம் கடற்கரை மாவட்டங்களில் வீங்கிய காலுடன் நடமாடிய முதியோரைக் கண்டவர்க்கு இம்மருந்தின் அருமை சொல்லாமலே விளங்கும். 2004 ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு அந்நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுதோறும் வீடு வீடாக வழங்கிய மாத்திரை இதுவே. இவையன்றியும், எழுபது வயது கடந்த டக்கர் என்னும் தாவரநூற் பேராசிரியரை ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராயச் செய்தார். பொன்னிறமான ஆரியோமைசின் மருந்து அவ்வாறு கிடைத்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்தது அது. 1994 இல் சூரத்து நகரில் கொள்ளைநோய் தோன்றியபோது மக்கள் நம்பி உட்கொண்டது அக்குடும்பத்து மாத்திரையையே.

சுப்பாராவ் ஆடம்பரமில்லாதவர்; புலால் உண்ணாதவர்; செய்தித்தாள் நிருபரைக் கண்டால் ஒதுங்கியவர். அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவில்லை; தாய்நாட்டிற்கும் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் மீள்வதாகச் சொல்லிப் புறப்பட்டவர், மனைவியை அதன்பின் கண்டதில்லை. அவர் சென்றபின் பிறந்த ஒரே மகன் குழவிப் பருவத்திலேயே இறந்தான். அக்குழந்தையின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். உலகத்து நோயாளிகள் பெற்ற நன்மையை ஒரு தட்டிலும், காத்திருந்த பெண்ணின் வாழ்வை மறுதட்டிலும் இட்டு நிறுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் சேஷகிரி அம்மையாரின் பெயரை எழுதாமல் இச்சரிதத்தை எழுதுவது முறையன்று என்பது மட்டும் துணிபு.

1948 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8 ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாட் காலை எழவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்று போயிற்று. அப்போது வயது 53. ஆரியோமைசின் மருத்துவருலகிற்கு அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் அலெக்சாந்தர் டாட் என்பவர், சுப்பாராவ் தசையிலிருந்து வடித்தெடுத்த ஏ.டி.பி.யை ஆய்வுக்கூடத்திலேயே முற்றும் கூட்டி அமைத்தார். லிப்மனுக்கு 1953 இலும், டாட்டுக்கு 1957 இலும், உயிரணுவினுள் அக்காசை அச்சிடும் முறையைக் கண்ட பீட்டர் மிச்செலுக்கு 1978 இலும், அவ்வச்சு இயந்திரத்தின் சுழற்சியைத் தெளிவாக்கிய பாயர், வாக்கர் என்பவர்களுக்கு 1997 இலும் நோபெல் பரிசு கிடைத்தது. காசை முதலிற் கண்டவர்க்கு அது கிடைக்கவில்லை.

லெடர்லி ஆய்வுக்கூடத்தார் 1953 இல், தாம் புதிதாகக் கண்ட பூஞ்சையினம் ஒன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் நினைவாகப் பெயரிட்டனர். இந்திய அஞ்சல் துறை, அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995 ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.